படத்துக்குப் பணம்: எங்கிருந்து வருகிறது, எந்த வரிசையில் திரும்புகிறது

புதிதாகத் தமிழ்ப் படம் எடுக்க வருகிறவர் கோடம்பாக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி, "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்பதுதான். பதில் சொல்லத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அந்தப் பணம் எந்த மாதம் கையை விட்டுப் போகும், திரும்பி வரும்போது நமக்கு முன்னால் யார் யார் கை நீட்டி நிற்பார்கள் என்று கேட்கிறவர்கள் மிகக் குறைவு. படம் சுமாராக ஓடியும் தயாரிப்பாளர் கடனில் மூழ்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்கைப் போடாததால்.

இங்கே 2 கோடி ரூபாய்ச் சிறு படம் ஒன்றை உதாரணமாக வைத்து, பணம் திரட்டுவது முதல் ரிலீஸ் கணக்கு முடிப்பது வரை படிப்படியாகப் பார்க்கலாம். டிவி தொடருக்கு வேறு கணக்கு. அது கடைசியில். உதாரணத் தொகைகள் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை. உங்கள் படத்துக்கு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

முதல் படி: பட்ஜெட்டை மாதவாரியாக எழுதுங்கள்

2 கோடி எப்படிப் பிரியும்? கதை, லொகேஷன் தேடல், ஒத்திகை, ஆபீஸ் எல்லாம் சேர்ந்த முன்தயாரிப்பு 10 லட்சம். நடிகர்கள், டெக்னீஷியன்கள் சம்பளம் 50 லட்சம். ஷூட்டிங் 40 நாள், நாளொன்றுக்கு 2.25 லட்சம் வீதம் 90 லட்சம். எடிட்டிங், டப்பிங், கலர் கரெக்‌ஷன், சவுண்ட் மிக்ஸிங், பின்னணி இசை 30 லட்சம். இன்ஷூரன்ஸ், வக்கீல், ஆடிட்டர் 5 லட்சம். எதிர்பாராச் செலவு 15 லட்சம்.

இந்தக் கடைசி 15 லட்சத்தைத்தான் புதியவர்கள் முதலில் வெட்டுவார்கள். வெட்டாதீர்கள். வெளிப்புறப் படப்பிடிப்பில் மழையால் 6 நாள் கெட்டால் 13.5 லட்சம் போய்விடும். மொத்தப் பாதுகாப்பும் அதிலேயே கரைகிறது.

ஒரு நாள் ஷூட்டிங் செலவில் எதைக் கடன் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். கேமரா வாடகை, செட் மரச்சாமான், கலர் லேப் பில் எல்லாம் சில வாரம் தள்ளிப்போகும். பேட்டா, அதாவது நாள்படி, தள்ளிப்போகாது. லைட்மேன், புரொடக்‌ஷன் பையன், டிரைவர் என எல்லோருக்கும் அன்றன்று கொடுத்தாக வேண்டும். பாக்கி வைத்தால் மறுநாள் காலை யூனிட் வண்டி கிளம்பாது, சினிமாத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பான பெப்சியிலிருந்து போன் வரும். சாப்பாடு, டீசல், லொகேஷன் வாடகையும் அப்படித்தான். நாள் செலவில் பாதிக்கு மேல் ரொக்கத் தேவை என்று வைத்துக்கொண்டால், 40 நாள் ஷெட்யூலுக்கு முன்பே ஏறக்குறைய 50 லட்சம் வங்கியில் தயாராக நிற்க வேண்டும். இது வராமல் பூஜை போடுகிறவர்கள்தான் முதல் ஷெட்யூலோடு நின்றுபோகிறவர்கள்.

விளம்பரச் செலவு இந்த 2 கோடிக்குள் இல்லை. சிறு படத்துக்கும் போஸ்டர், டிரெய்லர், சோஷியல் மீடியா, செய்தியாளர் சந்திப்பு, தியேட்டர் டிஜிட்டல் கட்டணம் என்று 60, 75 லட்சம் தனியாக வேண்டும். படம் முடிந்து ரிலீஸுக்குக் காசில்லாமல் பெட்டிக்குள் தூங்கும் படங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், இந்த வரியை யாரும் எழுதுவதே இல்லையோ என்று தோன்றும்.

இரண்டாம் படி: காகிதம்

பணம் கேட்கப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை: கம்பெனி அல்லது எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை) பதிவு, பான், டான் (வரி பிடித்துக் கட்டுவதற்கான எண்), ஜி.எஸ்.டி. எண், இந்தப் படத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, தயாரிப்பாளர் சங்கம் அல்லது பிலிம் சேம்பரில் தலைப்புப் பதிவு, கதை உரிமை ஒப்பந்தம்.

கதை ஒப்பந்தத்தில்தான் பெரிய ஓட்டை. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுக்கு மட்டுமே. பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. "கதையை உங்களுக்கே கொடுத்துட்டேன் சார்" என்று இரண்டு வரி எழுதி வாங்கியவர், ஆறாவது ஆண்டில் ரீமேக் விற்கப் போகும்போது கையில் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்வார். ஒப்பந்தத்தில் "காப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், எல்லா மொழியிலும், எல்லா ஊடகத்திலும்" என்று தெளிவாக எழுதுங்கள். இயக்குநர், வசனகர்த்தா, இசையமைப்பாளர், பாடலாசிரியர் எல்லோரிடமும் தனித்தனியாக வாங்குங்கள். ஓ.டி.டி. நிறுவனத்தின் வக்கீல் முதலில் கேட்பது இந்தச் சங்கிலியைத்தான். ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் செக் வராது.

இசையில் ஒரு கூடுதல் விஷயம்: 2012 திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டரில் படத்தோடு ஒலிப்பது தவிர மற்றப் பயன்பாடுகளுக்கான ராயல்டியில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் சமபங்கு உண்டு. அதை அவர்கள் எழுதிக்கொடுத்துவிட முடியாது. அப்படி எழுதி வாங்கினாலும் செல்லாது. ஆடியோ கம்பெனியோடு பேசும்போது இந்தப் பங்கை யார் தருகிறார்கள் என்பதை முன்பே எழுத்தில் முடித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: யாரிடம் பணம்

சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்து தருவதாக மத்திய அரசு அறிவித்தது 1998இல். வங்கிக் கடன் கதவு அதன்பின் திறந்தது உண்மை. ஆனால் வங்கி கேட்பது அடமானச் சொத்து, பழைய பேலன்ஸ் ஷீட், ஏற்கெனவே கையெழுத்தான விற்பனை ஒப்பந்தம். முதல் படத் தயாரிப்பாளரிடம் இந்த மூன்றும் இருந்தால் அவருக்கு வங்கியே தேவைப்படாது. எனவே நடைமுறையில் வழிகள் இவை.

சொந்தப் பணமும் கூட்டாளிகளும். இதுதான் மலிவான பணம். பங்குதாரருக்கு வட்டி கிடையாது, லாபத்தில் பங்கு. ஒப்பந்தத்தில் "லாபம்" என்றால் என்ன என்று எழுதாவிட்டால் நட்பு போகும். எந்தெந்தச் செலவு கழிந்த பிறகு, எந்தெந்த உரிமை வருமானம் சேர்ந்த பிறகு மிச்சம் என்பதை வரிசை எண் போட்டு எழுதுங்கள். ஊரில் தெரிந்தவர்கள், கல்லூரி நண்பர்கள், வெளிநாட்டு உறவினர்கள் என்று நூறு பேரிடம் "மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று வாங்குவது வேறு கதை. 2019இல் வந்த ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத்தொகைத் தடைச் சட்டத்தின் வரம்புக்குள் அது போய்விடலாம். கம்பெனிப் பங்காக விற்றாலும் தனிப்பட்ட முறையில் ஓராண்டில் 200 பேருக்கு மேல் கேட்கக் கூடாது. நாலைந்து பேரோடு நிறுத்திக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

ஃபர்ஸ்ட் காப்பி. ஒரு பெரிய நிறுவனம் உங்களிடம் "1.80 கோடிக்கு முழுப்படத்தை முடித்துக் கொடுங்கள்" என்று ஒப்பந்தம் போடும். மிச்சம் பிடித்தால் உங்களுக்கு, கூடினால் உங்கள் தலையில். உரிமை எல்லாம் அவர்களுடையது. ஷெட்யூல் போட்டு அதற்குள் முடிக்கப் பழகியவருக்கு நல்ல வழி. முதல் படக்காரருக்கு ஆபத்து, ஏனென்றால் தவணை "ஷெட்யூல் முடிந்ததும்" என்று இருக்கும், செலவோ ஷெட்யூலுக்கு முன்பே வரும். ஒவ்வொரு தவணையும் அடுத்த கட்டத்துக்கு முன்பே வரும்படி தேதி போடுங்கள்.

அரசும் திருவிழாக்களும். சிறு முதலீட்டில் எடுத்த தரமான தமிழ்ப் படங்களுக்கு மாநில அரசு மானியம் உண்டு. ஆனால் அது படம் வெளிவந்து, குழு பார்த்து, ஆண்டுகள் கழித்து வரும் பணம். பட்ஜெட்டில் அதை வரவாக எழுதாதீர்கள், போனஸாக நினையுங்கள். 1975இல் தொடங்கிய மத்திய அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம், என்.எஃப்.டி.சி., கோவாவில் 2007 முதல் ஃபிலிம் பஜார் என்ற படச் சந்தையை நடத்துகிறது. கூட்டுத் தயாரிப்புக்கு ஆள் தேடுகிறவர்கள் ஸ்கிரிப்ட்டோடு போகலாம். ரோட்டர்டாம் திரைப்பட விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி போன்றவை கலைப்படங்களுக்கு. பாட்டும் சண்டையும் வைத்த படத்தை அங்கே தூக்கிக்கொண்டு போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மிச்சம் இருப்பவர் பைனான்சியர். அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பைனான்சியர் கணக்கு

சந்தையில் வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு 2 முதல் 3 வரை. ஆண்டுக்கு 24 முதல் 36 சதவீதம். 1 கோடிக்கு இரண்டரை வட்டி என்று பேசினால் மாதம் 2.5 லட்சம். கேட்கும்போது பெரிதாகத் தெரியாது.

இப்போது பத்திரத்தைப் பாருங்கள். எழுதுவது 1 கோடிக்கு. முதல் மூன்று மாத வட்டி 7.5 லட்சத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். புரோக்கர் 2 சதவீதம், 2 லட்சம். கையில் வருவது 90.5 லட்சம். ஆனால் வட்டி ஓடுவது 1 கோடிக்கு. படம் ஓராண்டில் ரிலீஸ் என்று நினைத்தீர்கள், பதினெட்டு மாதம் ஆகிறது. சாதா வட்டியானால் 45 லட்சம். கட்டாத வட்டியை மாதாமாதம் அசலில் சேர்த்தால் 1 கோடி 1.56 கோடியாக நிற்கும். அந்த 56 லட்சம் திரையில் ஒரு பிரேமில்கூடத் தெரியாது.

இதற்கு நாலு தடுப்பு உண்டு.

ஒன்று, மொத்தமாக வாங்காமல் தவணையாக எடுங்கள். வாங்கிய தொகைக்கு மட்டும், வாங்கிய தேதியிலிருந்து வட்டி என்று எழுதுங்கள். முதலில் சொந்தப் பணத்தைச் செலவழியுங்கள். பைனான்ஸ் பணம் ஷூட்டிங்கின் கடைசிப் பாதியிலும் போஸ்ட் புரொடக்‌ஷனிலும் வந்தால் போதும். ஆறு மாதம் தள்ளி வாங்கினாலே 1 கோடிக்கு 15 லட்சம் மிச்சம்.

இரண்டு, வட்டிக்கு வட்டி இல்லை என்று ஒரு வரி.

மூன்று, பிணை எல்லை. பழைய நாளில் லேபில் இருக்கும் நெகட்டிவ் மீது கடிதம் வாங்குவார்கள். நெகட்டிவ் போய் ஹார்ட் டிஸ்க் வந்த பிறகும் "லேப் லெட்டர்" என்ற பெயர் போகவில்லை. இப்போது அது, தியேட்டர்களுக்குப் படத்தை டிஜிட்டலாக அனுப்பும் சர்வர் நிறுவனத்துக்குப் போகும் கடிதம்: பைனான்சியர் கிளியரன்ஸ் தராமல் படத்தை எந்தத் தியேட்டருக்கும் திறக்கக் கூடாது என்பது. இந்தப் பிணை இந்த ஒரு படத்துக்கு மட்டும் என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த படத்தின் ரிலீஸும் இந்தக் கடனுக்குக் கட்டுப்படும். கூட்டாளி எடுத்த முந்தைய படத்தின் கடன் உங்கள் படத்தின் கழுத்தைப் பிடிப்பதும் நடக்கிறது. யாரோடும் கைகோக்கும் முன் அவருடைய பழைய படங்களின் பாக்கி விவரத்தைக் கேட்பதில் தவறே இல்லை.

நான்கு, வெற்று செக். கையெழுத்து மட்டும் போட்ட செக்கைக் கொடுக்காதீர்கள். தேதி, தொகை, "இன்ன படக் கடனுக்குப் பிணையாக" என்று ஒப்பந்தத்தில் செக் எண்ணோடு குறிப்பிடுங்கள். செக் திரும்பினால் அது மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி கிரிமினல் வழக்கு.

இன்னும் ஒன்று. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். "பாதி ஒயிட், பாதி கேஷ்" என்று பேசுகிறவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். தவிர, கம்பெனி கட்டும் வட்டிக்கு 10 சதவீத டி.டி.எஸ். (கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும். பைனான்சியர் "எனக்கு நெட்டாக வேண்டும்" என்பார், அந்த வரியையும் நீங்களே கட்டுங்கள் என்று பொருள். மாதம் 2.5 லட்சம் நெட் என்றால் உங்கள் செலவு 2.78 லட்சம். பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: உரிமைகளைத் துண்டு போடுவது

படம் ஒரே பொருள், விற்பனையோ பத்துப் பொருள். தமிழ்நாட்டுத் தியேட்டர், கேரளம், கர்நாடகம், ஆந்திரம்–தெலங்கானா, எஃப்.எம்.எஸ். எனப்படும் வெளிநாடு–மலேசியா–சிங்கப்பூர், சாட்டிலைட் (டிவி ஒளிபரப்பு), ஓ.டி.டி., ஆடியோ, இந்தி டப்பிங், ரீமேக். ஒவ்வொன்றையும் தனித்தனியே விற்கலாம். அவசரத்தில் "நெகட்டிவ் ரைட்ஸ்" என்று மொத்தமாக எழுதிக் கொடுத்தால் இவை எல்லாமே போய்விடும்.

தமிழ்நாட்டைத் தொழிலில் ஏரியாவாகப் பிரிப்பார்கள்: சென்னை சிட்டி, என்.எஸ்.சி., கோவை, மதுரை–ராமநாதபுரம், திருச்சி–தஞ்சாவூர், சேலம், நெல்லை–கன்னியாகுமரி. என்.எஸ்.சி. என்றால் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு. மாவட்டங்கள் எத்தனை தடவை பிரிந்தாலும் சினிமாவின் வரைபடம் மாறுவதில்லை.

ஏரியாக்காரர் பேசும் முறைகள் நாலு. அவுட்ரேட் என்றால் விலை பேசி வாங்கிவிடுகிறார், லாப நட்டம் அவருடையது. எம்.ஜி. என்றால் குறைந்தபட்ச உத்தரவாதம்: 20 லட்சம் கொடுத்தால் அது திரும்ப வராது, அதற்கு மேல் வந்தால் அவருடைய செலவும் கமிஷனும் போக ஓவர்ஃப்ளோவில் உங்களுக்குப் பங்கு. அட்வான்ஸ் என்றால் அவர் கொடுத்தது கடன். 20 லட்சம் அட்வான்ஸ் வாங்கி, வசூல் பங்கு 12 லட்சம் வந்தால் 8 லட்சத்தை நீங்கள் திருப்பித் தர வேண்டும். டிஸ்ட்ரிபியூஷன் என்றால் அவர் பணம் போடுவதில்லை, சுமார் 10 சதவீதக் கமிஷனுக்குப் படத்தை ஓட்டித் தருவார்.

புதியவர்கள் விழும் குழி அட்வான்ஸ். கையில் பணம் வந்ததும் விற்றுவிட்டதாக நினைத்து விளம்பரத்துக்கு இறைத்துவிடுவார்கள். ரிலீஸான பத்தாவது நாள் ஏரியாக்காரர் கணக்கோடு வருவார். ஒப்பந்தத்தின் தலைப்பு என்னவாக இருந்தாலும் "திருப்பித் தரத்தக்க" என்ற சொல் உள்ளே எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

தியேட்டர் கணக்கை ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தால் மயக்கம் தெளியும். வரி நீக்கி டிக்கெட்டுக்குச் சராசரி 100 ரூபாய் என்று வையுங்கள். 1 லட்சம் பேர் பார்த்தால் 1 கோடி. முதல் வாரம் விநியோகப் பக்கத்துக்கு 60 சதவீதம் அல்லது அதற்கு மேல், பிறகு 50 என்று இறங்கும். சராசரி 55 என்றால் 55 லட்சம். அதில் விநியோகஸ்தர் கமிஷன் 10 சதவீதம் போனால் 49.5 லட்சம். 2 கோடிப் படமும் 75 லட்ச விளம்பரமும் சேர்ந்து 2.75 கோடியைத் தியேட்டரில் மட்டும் எடுக்க ஏறக்குறைய ஐந்தரை லட்சம் பேர் வர வேண்டும். வட்டி இதில் சேரவில்லை. பேப்பரில் வரும் "வசூல்" என்பது முதல் எண். உங்கள் வீட்டுக்கு வருவது கடைசி எண்.

அதனால்தான் தியேட்டர் அல்லாத உரிமைகளில் பட்ஜெட்டின் பாதியையாவது முன்கூட்டியே உறுதி செய்யாமல் சிறு படம் தொடங்குவது சூதாட்டம் என்பது எங்கள் கருத்து. ஓ.டி.டி.யில் ஒரு காலத்தில் கதை கேட்டே விலை பேசினார்கள். இப்போது பல சிறு படங்களைத் தியேட்டரில் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வாங்குகிறார்கள், அல்லது பார்த்த நிமிடத்துக்கு இவ்வளவு என்று பங்கு முறையில் போடுகிறார்கள். பங்கு முறை ஒப்பந்தத்தை எந்தப் பைனான்சியரும் பிணையாக ஏற்கமாட்டார். அதை வரவாகக் காட்டிக் கடன் கேட்க முடியாது.

நிலையான விலைக்கு வாங்கினாலும் பணம் தவணையில்தான். 60 லட்ச ஒப்பந்தம் என்றால் கையெழுத்தில் 15, டெலிவரியில் 15, ஒளிபரப்பு தொடங்கி ஆறு மாதத்துக்குள் 30 என்ற மாதிரி வரும். டெலிவரி என்பது ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு வருவது அல்ல. மாஸ்டர் பைல், வசனம் இல்லாத இசை–ஒலி டிராக், சப்டைட்டில், சென்சார் சான்றிதழ், எல்லா ஒப்பந்த நகலும் கொடுத்து, அவர்கள் தரச் சோதனையில் தேறிய தேதிதான் டெலிவரி. வசனம் இல்லாத டிராக்கை மிக்ஸிங் நேரத்திலேயே தனியாக எடுத்து வைக்காமல், பிறகு ஸ்டுடியோவுக்கு மறுபடி பணம் கட்டுவது சகஜமான தண்டச் செலவு. இந்தி டப்பிங் வாங்குபவரும் முதலில் கேட்பது அதைத்தான்.

ஐந்தாம் படி: சென்சாரும் விலையும்

சான்றிதழ் கலை விவகாரம் மட்டும் அல்ல, விலை விவகாரமும். யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று இப்போது பிரிவு. 'ஏ' வாங்கிய படத்தை அப்படியே டிவியில் போட முடியாது. வெட்டி, டிவிக்கென்று மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். சாட்டிலைட் ஒப்பந்தங்களில் யு அல்லது யு/ஏ கட்டாயம் என்று ஒரு வரி இருக்கும். கதையில் வன்முறை தூக்கலாக இருந்தால் சாட்டிலைட் வரவைப் பட்ஜெட்டில் குறைத்தே எழுதுங்கள்.

ரிலீஸ் தேதியை அறிவித்துவிட்டுச் சென்சாருக்குப் போகாதீர்கள். குழு வெட்டு சொன்னால் மறுஆய்வுக் குழு, அங்கும் முடியாவிட்டால் உயர் நீதிமன்றம். இடையில் இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை 2021இல் கலைத்துவிட்டார்கள். படத்தில் மாடோ நாயோ வந்தால் விலங்கு நல வாரிய அனுமதியை ஷூட்டிங்குக்கு முன்பே வாங்க வேண்டும். எடுத்துவிட்டுப் பிறகு ஓடினால் அந்தக் காட்சி போகும்.

ஆறாம் படி: ரிலீஸ் வாரம்

படம் டிஜிட்டல் பெட்டியாகத் தியேட்டருக்குப் போகும், ஆனால் பூட்டியிருக்கும். ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் தனி மின்சாவி, கே.டி.எம். எந்தத் தேதி எந்த மணி வரை திறக்கலாம் என்பது அந்தச் சாவியில் இருக்கும். சர்வர் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய டிஜிட்டல் கட்டணம் பாக்கியிருந்தாலோ, பைனான்சியர் கடிதம் வராவிட்டாலோ சாவி வராது. "காலைக் காட்சி ரத்து" என்று தியேட்டர் வாசலில் ரசிகர்கள் நிற்கும் காட்சிக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். இந்தக் கட்டணம் எவ்வளவு பெரிய தலைவலி என்றால், 2018 மார்ச் 1 முதல் ஒன்றரை மாதத்துக்கு மேல் தமிழில் புதுப்படமே வராமல் தயாரிப்பாளர்கள் நிறுத்தி வைத்தார்கள்.

செய்ய வேண்டியது: ரிலீஸுக்குப் பத்து நாள் முன் எல்லாப் பாக்கிதாரர்களையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் ரிலீஸுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு, எந்த வருமானத்திலிருந்து என்று கையெழுத்து வாங்குங்கள். முடிந்தால் ஏரியாப் பணமும் ஓ.டி.டி. தவணையும் நேரே ஒரு எஸ்க்ரோ கணக்குக்கு (இரு தரப்புக்கும் பொதுவாக மூன்றாமவர் வைத்திருக்கும் கணக்கு) வந்து அங்கிருந்து பிரியும்படி செய்யுங்கள். கடைசி இரவில் பேசினால் எதிரில் இருப்பவர் கேட்பதுதான் விலை. ஹீரோவின் சம்பளப் பாக்கி, கேமரா வாடகைப் பாக்கி எல்லாம் அந்த ஒரே இரவில்தான் நினைவுக்கு வரும்.

ரிலீஸான பிறகு ஒவ்வொரு காட்சியின் வசூல் கணக்கும் (டி.சி.ஆர்.) அன்றிரவே வர வேண்டும். பெரிய தியேட்டர்களுக்கு ரெப், அதாவது டிக்கெட் கணக்கைப் பார்க்க உங்கள் ஆள், போடுங்கள். ஒருவர் சம்பளத்தை மிச்சம் பிடித்து ஒரு காட்சிக் கணக்கைக் கோட்டைவிட வேண்டாம்.

திரும்பி வரும் பணத்தின் வரிசை இது: தியேட்டர் பங்கு, விநியோகஸ்தர் செலவும் கமிஷனும், பைனான்சியரின் வட்டி, அவருடைய அசல், சம்பளப் பாக்கி, முதலீட்டாளர், அதன்பின் நீங்கள். முதலீட்டாளரிடம் பணம் வாங்கும் நாளிலேயே இந்த வரிசையைக் காட்டிவிடுங்கள்.

வரி: மூன்றே விஷயம்

உரிமை விற்பனைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. அட்வான்ஸ் வாங்கினாலும் அந்த மாதக் கணக்கிலேயே சேர்த்து, அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 23.6 லட்சம் வந்தால் அதில் 3.6 லட்சம் உங்களுடையது அல்ல. விளம்பரத்துக்கு எடுத்துச் செலவழித்துவிட்டு அந்தத் தேதி வரும்போது தவிக்காதீர்கள். கேமரா, ஸ்டுடியோ பில்களில் நீங்கள் கட்டிய வரியை இதில் கழிக்கலாம், பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் சரியாக இருந்தால்.

டி.டி.எஸ். இரண்டு பக்கமும் உண்டு. நடிகர், டெக்னீஷியன்களுக்குக் கொடுக்கும்போது 10 சதவீதம் பிடிக்க வேண்டும். படத்தை விற்க, விநியோகிக்க, திரையிடத் தரும் உரிமைத் தொகையில் உங்களுக்குப் பிடிப்பது 2 சதவீதம். சில கணக்கர்கள் பழக்கத்தில் 10 பிடிப்பார்கள், கேட்டுத் திருத்துங்கள். ஒருவருக்கு மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த விவரத்தைத் துறைக்கு அறிக்கையாகத் தர வேண்டும்.

மூன்றாவது, ரிலீஸ் தேதி. நிதியாண்டு முடிய 90 நாளாவது முன்பு படம் தியேட்டருக்கு வந்திருந்தால் முழுச் செலவையும் அந்த ஆண்டிலேயே கழிக்கலாம். பொங்கலுக்கு வந்த படத்துக்கு அந்த 90 நாள் இல்லை. வந்த வரவு அளவுக்குத்தான் கழிவு, மீதி அடுத்த ஆண்டுக்குப் போகும்.

டிவி தொடர்: வேறு கணக்கு

சேனலின் வருமானம் இரண்டு: விளம்பரம், சந்தா. சந்தாவில், தொகுப்பில் சேரும் சேனலின் மாத விலை 19 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. விளம்பரத்தில், மணிக்கு 10 நிமிடம் விளம்பரமும் 2 நிமிடம் சொந்த நிகழ்ச்சி அறிவிப்பும்தான் விதி. அரை மணி ஸ்லாட்டுக்கு 5 நிமிடம், அதாவது 10 விநாடி விளம்பரத் துண்டு (ஸ்பாட்) 30. தொடரின் மொத்தப் பொருளாதாரமும் இந்த முப்பது ஸ்பாட்டுக்குள்.

தயாரிப்பாளருக்கு மூன்று வழி. கமிஷன் முறையில் சேனல் எபிசோடுக்கு இவ்வளவு என்று தரும், உரிமை சேனலுக்கு. ஸ்லாட் முறையில் நேரத்தை நீங்கள் வாடகைக்கு எடுத்து, விளம்பரத்தை நீங்களே விற்க வேண்டும். தமிழ்த் தனியார் சேனல்களின் ஆரம்பகால மெகா தொடர்கள் பலவும் இப்படி வளர்ந்தவை. தூர்தர்ஷனின் ஸ்பான்சர் முறையில் ஒளிபரப்புக் கட்டணம் கட்டினால் இத்தனை விநாடி இலவச விளம்பர நேரம் கிடைக்கும், அதை விற்றுக்கொள்ளலாம்.

ஸ்லாட் முறைக்கு ஒரு கணக்கு: 10 விநாடி 10,000 ரூபாய் என்றால் 30 ஸ்பாட்டுக்கு 3 லட்சம். விளம்பர ஏஜென்சிக் கமிஷன் 15 சதவீதம் போனால் 2.55 லட்சம். இதில் ஸ்லாட் வாடகையும் எபிசோடுச் செலவும் அடங்க வேண்டும். முப்பதும் விற்றால்தான் இந்தக் கணக்கு. ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரத்தில் ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரம் வந்து குவியும். அது ஓய்ந்ததும் பாதி ஸ்பாட் காலியாகக் கிடக்கும். ஆண்டுச் சராசரியை எடுங்கள், தீபாவளி மாதத்தை வைத்து ஸ்லாட் எடுக்காதீர்கள்.

எந்த முறையானாலும் தொடரைக் கொல்வது கடன் காலம். எபிசோடுக்கு 1.5 லட்சம், மாதம் 26 எபிசோடு என்றால் செலவு 39 லட்சம். சேனலோ ஏஜென்சியோ 90 நாள் கழித்துத் தரும் என்றால், முதல் ரூபாய் வருவதற்குள் நீங்கள் போட்டிருப்பது 1.17 கோடி. ஒளிபரப்புக்கு முன்பே பத்துப் பன்னிரண்டு எபிசோடை எடுத்துக் கையிருப்பாக (பேங்க்) வைக்க வேண்டும், அதற்கு இன்னும் 18 லட்சம். தொடர் நன்றாகப் போனாலும் இந்த 1.35 கோடி உள்ளேயே சுழன்றுகொண்டிருக்கும். இதை மாத வட்டிக்கு வாங்கினால் எபிசோடு லாபம் முழுவதும் வட்டிக்கே சரியாகும்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணிக்கும் பார்க் (BARC) அமைப்பின் ரேட்டிங் வாராவாரம் வரும். நாலு வாரம் தொடர்ந்து இறங்கினால் நேரத்தை மாற்றுவார்கள், பிறகு முடிக்கச் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் முன்னறிவிப்பு பெரும்பாலும் சில வாரங்கள்தான். எனவே ஷூட்டிங் வீட்டுக்கு ஓராண்டு வாடகையை முன்பணமாகக் கொடுக்காதீர்கள், மாத வாடகைக்குப் பேசுங்கள். நடிகர் ஒப்பந்தத்தை எபிசோடு எண்ணிக்கைக்குப் பதில் கால்ஷீட் நாளுக்குப் போடுங்கள். எடுத்து வைத்து ஒளிபரப்பாகாமல் நின்ற பேங்க் எபிசோடுகளுக்கு யார் பணம் தருவது என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்லி, அது அச்சான பிறகே கையெழுத்துப் போடுங்கள்.